தருமபுரி பர்ஹி பேரீச்சை: நஃபில் நோன்புக்கு வாங்கலாமா?

ரமலானில் பேரீச்சம்பழத்தை யாரும் தேடிப் போக வேண்டியதில்லை, அதுவே நம்மைத் தேடி வரும். பள்ளிவாசலில் தட்டில் வைப்பார்கள், பக்கத்து வீட்டிலிருந்து டப்பா வரும், கிருஷ்ணகிரி பழையபேட்டையில் கடை வாசலை மறைத்துப் பெட்டிகள் அடுக்கியிருக்கும். பெருநாள் முடிந்ததும் அந்த அடுக்கு காணாமல் போய்விடும். அதன்பின் ஷவ்வால் ஆறு நோன்பு, அரபா நோன்பு, முஹர்ரம் பத்தாம் நாளான ஆஷூரா, திங்கள், வியாழன் என்று நஃபில் நோன்பு, அதாவது கட்டாயமில்லாத உபரி நோன்பு பிடிக்கிறவர்கள் கடையின் உள்மூலையில் மிஞ்சிக் கிடக்கும் பெட்டியைத்தான் வாங்குகிறார்கள். அது பெரும்பாலும் ரமலானுக்கு இறக்கிய சரக்கு. 2025ல் ரமலான் மார்ச்சில் முடிந்தது, ஆஷூரா ஜூலை 6ல் வந்தது. நடுவில் சித்திரை வெயிலும் கத்திரியும் போயாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு மேல் அந்தப் பெட்டி ஃபிரிட்ஜில் இருந்ததா, அலமாரியில் வெந்ததா என்று கடைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், நேரான பதில் கிடைப்பது அபூர்வம்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் இன்னொரு வழி இருக்கிறது. தருமபுரி அரியகுளம் பக்கம் திசு வளர்ப்புக் கன்றுகளை நட்டு வளர்த்த பேரீச்சைத் தோப்புகளில் பர்ஹி ரகம் காய்க்கிறது. ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட் வரை குலை குலையாக வெட்டுகிறார்கள். தோப்பிலும் விற்பார்கள், சீசனில் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பழக்கடைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் வரும். ரகம், பருமன், சீசனின் முன்பின் பார்த்து கிலோ 150லிருந்து 250 ரூபாய் வரை சொல்வார்கள். நோன்பு திறக்க இந்தப் பழம் எப்படி?

முதலில் பழத்தைப் பார்ப்போம். கையில் எடுத்தால் எலுமிச்சை மஞ்சளில், வழவழப்பாக, உருண்டைக்குக் கொஞ்சம் நீளமாக இருக்கும். காம்புப் பக்கம் ஒட்டிய தொப்பியைச் சுற்றி மெல்லிய பச்சை வளையம் தெரிந்தால் இன்னும் முற்றவில்லை என்று அர்த்தம். கடித்தால் கொய்யாவைப் போல நறுக்கென்று இருக்கும், இனிப்பு இருக்கும், கடைசியில் நாக்கோரத்தில் லேசான துவர்ப்பு. மற்ற ரகங்கள் இந்தப் பருவத்தில் தொண்டையைப் பிடிக்கும், வாயில் வைக்க முடியாது. பர்ஹியில் துவர்ப்பு குறைவு என்பதால்தான் மஞ்சளிலேயே சாப்பிட முடிகிறது. பழம் ஒன்று பத்து முதல் பதினைந்து கிராம் இருக்கும், அதாவது கிலோவுக்கு எழுபது முதல் நூறு பழம். ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஆளுக்கு மூன்று என்று இரண்டு நாள் நோன்பு திறக்க அரைக் கிலோ போதும். முதல் தடவையே இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பாதியைப் புளிக்கவிட்டுத்தான் பாடம் படிக்கிறார்கள்.

தோப்புக்காரர்கள் மஞ்சளிலேயே வெட்டுவதற்குக் காரணம் மழை. மரத்திலேயே பழுத்துக் காயவிட வறண்ட காற்று வேண்டும். நம் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரில் அடிக்கிற மழை, பழுக்க ஆரம்பித்த குலைக்குள் இறங்கினால் தோல் வெடிக்கும், உள்ளே புளிக்கும், பூஞ்சை ஏறும். அதனால் ‘நம்ம ஊர் காய்ந்த பேரீச்சை’ என்று யாராவது விற்றால் இரண்டு முறை கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இப்போது நோன்பு திறக்கும் தட்டுக்கு வருவோம். நபித்தோழர் அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) அபூதாவூத், திர்மிதி தொகுப்புகளில் இருக்கிறது: நபி (ஸல்) அவர்கள் தொழுமுன் ருதப் கொண்டு நோன்பு திறப்பார்கள், அது இல்லையென்றால் தம்ர், அதுவும் இல்லையென்றால் சில மிடறு தண்ணீர். ருதப் என்பது மெத்தென்று கனிந்த பழம், தம்ர் காய்ந்தது. கடையில் விற்கும் மஞ்சள் பர்ஹி இரண்டுமே இல்லை, அதற்கு முந்திய பருவம். பதினான்கு மணி நேரம் தண்ணீர் படாத வாயில் மஞ்சள் பழத்தைக் கடித்தால் அந்த லேசான துவர்ப்பே இரண்டு மடங்காகத் தெரியும், உமிழ்நீர் இல்லாததால் தொண்டையில் நிற்கும். புதுப் பழம் என்ற ஆசையில் வாங்கி, நோன்பு திறக்கும்போது முகம் சுளித்து, ‘இதற்கு டப்பா பழமே தேவலாம்’ என்று சொல்கிறவர்கள் எல்லாரும் செய்வது இந்த ஒரு தப்பைத்தான். கனிய விட வேண்டும்.

கனிய விட இரண்டு வழி. முதல் வழிக்குப் பொறுமை வேண்டும். குலைக்காம்போடு இருக்கும் பழமாக, நுனி லேசாகப் பழுப்பேற ஆரம்பித்ததாகப் பார்த்து எடுங்கள். கழுவாதீர்கள். பழைய நியூஸ்பேப்பரில் தளர்வாகச் சுற்றி, மூடாத எவர்சில்வர் பாத்திரத்தில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். நுனியிலிருந்து தொப்பியை நோக்கித் தேன் நிறம் ஏறும். இரண்டாம் நாள் சிலது, நான்காம் நாளுக்குள் பெரும்பாலானவை கனியும். எல்லாம் ஒரே நாளில் கனியாது, கனிந்ததைத் தினமும் பொறுக்கி ஃபிரிட்ஜுக்கு மாற்ற வேண்டும். முழு மஞ்சளாக, நுனியில் நிறமே மாறாமல் இருப்பதை வாங்கினால் அதில் ஒரு பங்கு கனியாமலே சுருங்கிப் போகும். பாலிதீன் பையைக் கட்டி வைத்தால் உள்ளே வியர்த்து, மறுநாளே கள் வாடை அடிக்கும். அப்படிப் புளித்து நுரைத்ததைக் கழுவித் தின்னப் பார்க்காதீர்கள், எறிந்துவிடுங்கள்.

இரண்டாவது வழி அவசரக்காரர்களுக்கு. மஞ்சள் பழத்தைத் துடைத்து, டப்பாவில் போட்டு, ஃப்ரீசரில் ஒரு இரவும் பகலும் வையுங்கள். உறையும்போது பழத்தின் திசு உடைந்துவிடும். வெளியே எடுத்து இரண்டு, மூன்று மணி நேரம் விட்டால் பழுப்பாகி, கண்ணாடி போல் ஒளி ஊடுருவி, கையால் பிதுக்கலாம் போல் ஆகிவிடும். துவர்ப்பும் அடங்கிவிடும். ஆனால் தானாகக் கனிந்ததன் தேன் மணம் இதில் வராது, தண்ணீர் கொஞ்சம் விடும், அன்றைக்கே தின்று முடிக்க வேண்டும். ஒரு வசதி இருக்கிறது: ஃப்ரீசரிலேயே வைத்துக்கொண்டு நோன்பு நாளில் வேண்டியதை மட்டும் பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு எடுத்து வைக்கலாம். திங்கள், வியாழன் நோன்பு பிடிக்கிறவர்களுக்கு இதுதான் சரி.

கனிய நாளாகும் என்பதால் பிறையைப் பார்த்துக் கடைக்குப் போக வேண்டியிருக்கிறது. முஹர்ரம் பிறை அறிவித்த இரவே ஆஷூரா என்றைக்கு என்று தெரிந்துவிடும், ஒன்பது நாள் கையில் இருக்கிறது. முதல் நாளே ஓடாதீர்கள். பிறை 5 அல்லது 6ல் வாங்கினால் 9ம் நாள் தட்டுக்குச் சரியாகக் கனியும். 9ம் நாளிலிருந்தே கணக்கு வைப்பதற்குக் காரணம் தெரிந்ததுதான்: ‘அடுத்த ஆண்டு இருந்தால் ஒன்பதிலும் நோன்பு பிடிப்பேன்’ என்று நபி (ஸல்) சொன்னதாக முஸ்லிம் ஹதீஸ் தொகுப்பில் வருகிறது. ஹனஃபி மத்ஹபில் (சட்ட மரபில்) பத்தை மட்டும் தனியாகப் பிடிப்பதை மக்ரூஹ் தன்ஸீஹ், அதாவது பாவமில்லை, தவிர்ப்பது நல்லது என்கிறார்கள், ஒன்பதையோ பதினொன்றையோ சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் பக்கம் உருது பேசுகிறவர்களும் ராவுத்தர்களும் பெரும்பாலும் ஹனஃபி என்பதால் இரண்டு நாளுக்கான பழம் என்றே கணக்குப் போடுங்கள்.

பிறை 13, 14, 15 வெள்ளை நாள் நோன்புக்குப் பிறை 9, 10 வாக்கில் வாங்கினால் போதும். துல்ஹஜ் மாதத்தில் மட்டும் 13ஐ விட்டுவிட வேண்டும். ஹஜ் பெருநாளிலும் அதை அடுத்த 11, 12, 13ம் தஷ்ரீக் நாட்களிலும் நோன்பு கூடாது.

அரபா நோன்புக்கு இந்தப் பழத்தை நம்பாதீர்கள். துல்ஹஜ் பிறை 9ன் நோன்பு முந்திய ஓராண்டு, அடுத்த ஓராண்டு பாவங்களுக்குப் பரிகாரம் என்று முஸ்லிமில் வருவதால் வருடத்தில் மற்ற நஃபில் பிடிக்காதவர்கள்கூட இதைப் பிடிக்கிறார்கள். 2026ல் அது மே கடைசி வாரத்தில் வருகிறது, அப்போது அரியகுளத்தில் காய் பச்சையாகத்தான் தொங்கும். ஆஷூரா ஜூன் கடைசியில், சீசனின் முதல் வெட்டை ஒட்டி வருகிறது. பிறைக் கணக்கு வருடம் சுமார் பதினொரு நாள் முன்னே நகர்வதால் 2027ல் ஆஷூராவும் சீசனுக்கு முன்னால் போய்விடும். ஸஃபர், ரபீவுல் அவ்வல் மாத வெள்ளை நாட்களும் திங்கள், வியாழனும்தான் அப்போது பர்ஹிக்கு மிச்சம்.

தள்ளுவண்டியில் வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அதே ஜூன், ஜூலையில் குஜராத் கட்ச் பக்கத்திலிருந்தும் மஞ்சளும் சிவப்புமாகப் பச்சைப் பேரீச்சை வருகிறது. அங்கே விதையில் முளைத்த மரங்கள் அதிகம், மரத்துக்கு மரம் சுவை மாறும். ஒரு குலை வெல்லமாக இருக்கும், அடுத்தது வாயைக் கட்டும். திசு வளர்ப்பு பர்ஹியில் இந்தக் குதிரைப் பந்தயம் கிடையாது, ஒன்று எப்படியோ எல்லாம் அப்படியே. சிவப்பாக இருந்தால் பர்ஹி இல்லை, அவ்வளவு உறுதியாகச் சொல்லலாம். மஞ்சளாக இருந்தால் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு எடை போடச் சொல்லுங்கள். நோன்போடு கடைக்குப் போகிறவர் கூட வந்த பிள்ளையிடம் கொடுத்துக் கேட்கட்டும்.

ஏரிக்கரை ஈச்சம்பழத்தையும் சிலர் நோன்புக்கு வைக்கிறார்கள். மணம் நன்றாகத்தான் இருக்கும், கொட்டைக்கு மேல் தோல் போர்த்தியது போல் சதை, அவ்வளவுதான்.

சீசன் இல்லாத மாதங்களுக்குப் பெட்டிப் பழம்தான் கதி. அதில் எதை எடுப்பது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஈரானிலிருந்து வரும் கருப்பு மஸாஃபதி, கிமியா என்ற பெயரில் நம் கடைகளில் கிடைப்பது, ருதபுக்கு மிக நெருங்கிய மென்மை. ஆனால் ஈரம் அதிகம், குளிர்ச்சியிலேயே இருக்க வேண்டிய பழம். ரமலானில் சரக்கு வேகமாகத் தீருவதால் பிரச்சினை தெரியாது. மற்ற மாதத்தில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொடுக்கும் கடையில் மட்டும் வாங்குங்கள். ஈராக்கின் ஜாஹிதி பார்க்க அழகில்லை, கெட்டியாக இருக்கும், விலை குறைவு, மாதக்கணக்கில் அலமாரியில் தாங்கும். வெந்நீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தால் மெத்தென்று ஆகிவிடும். நஃபில் நோன்பு பிடிக்கும் வீட்டில் வருடம் முழுக்க ஒரு கிலோ ஜாஹிதி இருப்பது புத்திசாலித்தனம். மெஜூல் பெரிது, ஒரு பழம் 24 கிராம், அதில் சர்க்கரை மட்டும் 16 கிராம் அளவுக்கு இருக்கும். சர்க்கரை நோயாளி ‘மூன்று பழம் சுன்னத் (நபிவழி)’ என்று மூன்று மெஜூல் தின்றால் கிட்டத்தட்ட ஐம்பது கிராம் சர்க்கரை ஒரே மூச்சில் போகிறது. அவருக்கு ஏழு கிராம் எடையுள்ள டெக்லெட் நூர் ஒன்றிரண்டு போதும். நபி (ஸல்) ஒற்றைப்படையாக உண்டார்கள் என்று புகாரி தொகுப்பில் வருவது நோன்புப் பெருநாள் காலையைப் பற்றி. நோன்பு திறக்க ஒன்றே போதும். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்கள் நஃபிலுக்கு முன் டாக்டரிடம் வேளையை மாற்றிக் கேட்டுக்கொள்ளட்டும், நோன்பில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினால் உடனே நோன்பை விட்டுவிட வேண்டும். விட்ட நஃபிலை ஹனஃபியில் களா செய்ய, அதாவது பிறகு ஈடாகப் பிடிக்க வேண்டும், ஷாஃபி மத்ஹபில் அந்தக் கட்டாயம் இல்லை. அஜ்வாவுக்கு ஆயிரம் ரூபாய் கொடுப்பது அவரவர் விருப்பம், அதைப் பற்றிய ஹதீஸ் காலையில் ஏழு பழம் உண்பதைச் சொல்கிறது, நோன்பு திறப்பதை அல்ல.

பழைய பெட்டியைத் திறந்தால் வெள்ளைப் பூச்சு தெரியும். பயந்து எறியவும் வேண்டாம், பார்க்காமல் தின்னவும் வேண்டாம். விரலால் தேயுங்கள். நறநறவென்று இருந்து வெதுவெதுப்பான நீரில் கரைந்தால் சர்க்கரை பூத்திருக்கிறது, தின்னலாம். பஞ்சு போல் நூலிழை எழும்பியிருந்தால் பூஞ்சை. பெட்டி மூடி உப்பியிருந்தாலோ அடியில் பாகு கசிந்து புளித்த வாடை வந்தாலோ திருப்பிக் கொடுங்கள். காய்ந்த பழத்தை எப்போதும் இரண்டாகப் பிளந்துதான் வாயில் வைக்க வேண்டும். கொட்டையைச் சுற்றிக் காப்பித்தூள் மாதிரி கருப்பாக உதிர்ந்தால் புழு இருந்த இடம். பழைய பேரீச்சை கொண்டுவரப்பட்டபோது நபி (ஸல்) பிரித்துப் பார்த்துப் புழுவை அகற்றினார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. பர்ஹியில் இந்த வேலை குறைவு, புதுப் பழத்தில் புழு ஏறக் காலம் போதவில்லை.

விடியுமுன் உண்ணும் ஸஹருக்கு? ‘முஃமினின் (இறைநம்பிக்கையாளரின்) ஸஹர் உணவில் பேரீச்சை நல்லது’ என்று ஹதீஸ் உண்டு. ஆனால் கனிந்த பர்ஹி மட்டும் தின்றுவிட்டு ஜூலை நோன்பைத் தாண்ட முடியாது. நம் ஊர்க் கேழ்வரகுக் களியோ சாமைச் சோறோ, கூட ஒரு முட்டையோ பருப்புக் குழம்போ, கடைசியில் இரண்டு பழம். ஊறுகாயை ஒதுக்குங்கள், பத்து மணிக்கே தாகம் எடுக்கும். எழுந்திருக்கத் தவறினாலும் நோன்பு போய்விடவில்லை. ஸுப்ஹு (வைகறை) முதல் எதுவும் உண்ணாமல், பருகாமல் இருந்தால் நஃபிலுக்குப் பகலிலும் நிய்யத் (நோன்பு எண்ணம்) வைக்கலாம். ஷாஃபியில் உச்சி சாய்வதற்கு முன், ஹனஃபியில் ஸுப்ஹுக்கும் சூரியன் மறையும் மஃக்ரிபுக்கும் நடு நேரத்துக்கு முன். ஜூன் கடைசியில் கிருஷ்ணகிரியில் அந்த நடு நேரம் ஏறத்தாழ பதினொன்று நாற்பது.

பழத்தை எல்லாம் சரியாகக் கனியவைத்துவிட்டு நேரத்தில் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. ரமலானில் பள்ளிவாசல் அட்டையும் சைரனும் இருக்கும், நஃபில் நாளில் செல்போன்தான். அதில் ஊர் சென்னை என்று நிற்கிறதா பாருங்கள். சென்னைக்கும் கிருஷ்ணகிரிக்கும் தீர்க்கரேகையில் இரண்டு பாகைக்குக் கொஞ்சம் கூட, சூரியன் இங்கே எட்டு நிமிடம் தாமதமாக மறைகிறது. சென்னை நேரத்துக்குத் திறந்தால் பகல் இருக்கும்போதே திறந்ததாகிவிடும், நோன்பு போய்விடும். பெங்களூரு நேரம் வைத்திருந்தால் மஃக்ரிபுக்கு இரண்டரை நிமிடம் தாமதம், அதில் ஆபத்தில்லை. ஆனால் ஸஹர் முடிவில் அதே இரண்டரை நிமிடம் ஆளைக் கவிழ்க்கும். தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் வித்தியாசம் சொற்பம், பழையபேட்டைப் பாங்கு கேட்டால் திறங்கள்.

நம் மதிப்பீடு: கனிந்த பர்ஹிக்கு ஐந்துக்கு நாலரை. சர்க்கரை அதே எடைக் காய்ந்த பழத்தைவிடக் குறைவு, நீர் அதிகம், தொண்டையில் ஒட்டாமல் இறங்கும், அரைக் கிலோவுக்கு நூறு ரூபாயை ஒட்டித்தான் செலவு. அரை மதிப்பெண் போனது வீட்டில் காத்திருக்கும் நாலு நாளுக்கு. ஃப்ரீசரில் கனியவைத்ததற்கு மூன்றரை. மஞ்சளாகவே நோன்பு திறப்பதற்கு இரண்டு, அதையே பகலில் நோன்பில்லாத பிள்ளைகளுக்குக் கொடுத்தால் ஐந்து. தோப்பில் நேரே வாங்கினால் வெட்டி எத்தனை நாள் ஆனது என்று கேளுங்கள். வெட்டிய அன்றோ மறுநாளோ என்றால் காம்போடு எடுங்கள். மூன்று நாள் ஆகியும் நுனி நிறம் மாறாத குலை என்றால் உதிரியாகக் கால் கிலோ மட்டும் வாங்கி ஃப்ரீசர் வழிக்குப் போங்கள்.